குறிப்பு என்கிற கட்டம்

மூன்று நோட்டு, ஒரு சிகரெட் அட்டை,
நாள்காட்டித் தாளின் பின்பக்கம்,
விற்றுப்போன வண்டியின் ஆர்.சி. கவர்:
முதலாளி கிறுக்கிய எண்கள் எல்லாம்
இந்தக் கம்ப்யூட்டருக்குள் போகவேண்டும்.
ஜெயவேலு போர்வெல்ஸ், சத்துவாச்சாரி.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சாஃப்ட்வேர் முதற்பெயர் கேட்டது,
பிறகு கடைசிப் பெயர்.
எங்கள் பக்கம் யாருக்கு இருக்கிறது கடைசிப் பெயர்?
ஒரு எழுத்து இருக்கிறது, முன்னால், புள்ளி வைத்து.
அதை விரித்து
அப்பா பெயரை அங்கே போட்டேன்.
மறுநாள் திறந்தால்
அகரவரிசை முழுக்க அப்பாக்கள்.
ஊசூர் கிருபாகரனைத் தேடினால்
முனுசாமிக்கு அடியில் நிற்கிறார்.
முனுசாமிகள் பதினேழு பேர்,
பாதிப்பேர் உயிரோடு இல்லை,
பிள்ளைகளை விரல்பிடித்துக் கூட்டிவந்து
திரையில் காத்திருக்கிறார்கள்
தண்ணீர் கேட்டு.

முதலாளியின் செல்லிலிருந்து
ஒயர் போட்டு இழுத்தவை வேறு ரகம்.
கம்ப்ரசர் மொட்டை.
தேங்காய் கணியம்பாடி –
உள்ளங்கையில் தேங்காய் வைத்து
நீரோட்டம் சொல்பவர்.
எடுக்காதே.
எடுக்காதே 2.
இரண்டாமவர் யார் என்று கேட்டேன்.
‘மச்சான்’ என்றார்.

பிறந்தநாள், இணையதளம், பதவி
எல்லாம் காலி.
நிரம்புவது அடியில் உள்ள குறிப்பு என்கிற கட்டம் மட்டும்:

அணைக்கட்டு லூர்துசாமி. 380 அடி. ஒன்றரை இஞ்சு.
பென்னாத்தூர் சர்தார் பாய். 610. பாறை. பாதிப் பணம்.
ஒடுகத்தூர் வசந்தகோகிலம். 740. புழுதி. நகை அடகு.

கடைசி இரண்டு சொல் எதற்கு, அழி என்றார் முதலாளி.
சரி சார் என்றேன்.
அழிக்கவில்லை.

ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருந்தால்
அதுவாகவே கண்டுபிடித்துக் கேட்கும்:
இணைக்கவா?
கிருபாகரன், 2012. 560, புழுதி.
கிருபாகரன், 2017. 890, புழுதி.
ஆமாம் என்று அழுத்தினேன்.
பெயர் ஒன்றானது, எண் ஒன்றானது,
குறிப்பு மட்டும் ஒட்டி நின்றது.
கூட்டிப் பார்த்தேன்.
ஆயிரத்து நானூற்று ஐம்பது அடி.
அடிக்கு இவ்வளவு என்று
அதையும் பெருக்கப் போய் நிறுத்திவிட்டேன்.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை பிடித்தது.
பாலாற்றுப் பாலத்தின்மேல்
வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஜனம் நின்றது,
ஆற்றில் தண்ணீர் போவதைப் பார்க்க.
எங்களுக்கு ஒரு போன் இல்லை.
ரிக் வண்டி ஷெட்டில் தூங்கியது.
நான் 0416 என்று தொடங்கிய
செத்த லேண்ட்லைன்களை நீக்கினேன்,
முன்னால் சுழி விட்டுப்போன எண்களைத் திருத்தினேன்,
பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து
டிராயரில் வைத்தேன்.

நான்காம் நாள் மணி அடித்தது. ஒடுகத்தூர்.
‘அம்மா, நீங்க போட்ட போருல
தண்ணி தானா ஏறி வழிஞ்சிக்கினு கீது.
மோட்டாரே இல்லம்மா.
மூடி போட்டா மூடியத் தள்ளுது.
வாசல்லாம் சேறு.
எப்படி நிறுத்தறது?’

அட்டை திறந்தே இருந்தது என் முன்னால்:
740. புழுதி. நகை அடகு.

முதலாளி எட்டிப் பார்த்தார்.
தேடச் சொன்னார்.
தோண்டுகிறவர், ஊதுகிறவர், கேசிங் இறக்குகிறவர்,
தேங்காய் வைக்கிறவர்,
தூர்ந்ததைத் தூக்குகிறவர்.
ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு பேரில்
தண்ணீரை நிறுத்தத் தெரிந்தவர்
ஒருத்தர் கிடையாது.

‘வழியட்டும்மா’ என்றேன்.
அந்தப் பக்கம் சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது,
இல்லை தண்ணீர்ச் சத்தமோ.

புழுதியை அழிக்கவில்லை.
பக்கத்தில் தேதி போட்டு
வழிகிறது என்று தட்டிச் சேமித்தேன்.
நகையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்,
அதற்குள் லைன் போய்விட்டது.
திரும்பக் கூப்பிடலாம்.
எண் இருக்கிறது.